‘நன்றி: இணையம்’ என்று போட்டால் போதுமா?

தமிழ் வலைத்தளங்களிலும் முகநூல் பக்கங்களிலும் படத்துக்குக் கீழே ‘படம்: இணையம்’ என்றோ ‘நன்றி: கூகுள்’ என்றோ ஒரு வரியைப் பார்த்திருப்பீர்கள். கூகுள் கேமராவைத் தூக்கிக்கொண்டு எங்கும் போகவில்லை. இணையம் தூரிகை பிடித்ததில்லை. எங்கோ ஒருவர் எடுத்த அல்லது வரைந்த படத்தை, அவர் பெயரைத் தேடச் சோம்பல்பட்டுப் போட்டுவிட்டோம் என்பதைத்தான் அந்த வரி மரியாதையான சொற்களில் ஒப்புக்கொள்கிறது.

தன் படம் இப்படி யாருடைய பக்கத்திலோ வந்திருப்பதைப் பார்க்கும் புகைப்படக்காரரோ ஓவியரோ முதலில் கேட்பது, ‘யாரும் எடுக்க முடியாதபடி பூட்டி வைக்க வழி இல்லையா?’ என்பதுதான். இல்லை. திரையில் தெரியும் எதையும் நகலெடுத்துவிடலாம். சுட்டியின் வலது பொத்தானைத் தடுத்தால் ஸ்கிரீன்ஷாட் எடுப்பார்கள்; அதையும் தடுத்தால் இன்னொரு கைபேசியால் திரையையே படம் பிடிப்பார்கள். பூட்டு தேடுகிற நேரத்தை வேறு இரண்டு காரியங்களுக்குக் கொடுக்கலாம். ஒன்று, படம் என்னுடையது என்று காட்டும் ஆதாரம். மற்றொன்று, யாருக்கு எதை அனுமதித்தேன் என்று சொல்லும் எழுத்து. சண்டை என்று வரும்போது கைகொடுப்பவை இவை இரண்டும்தான்.

உரிமை எப்போது பிறக்கிறது?

கேமராவின் ஷட்டர் திறந்து மூடும் கணத்தில் பதிப்புரிமை பிறந்துவிடுகிறது. ஓவியம் என்றால் தாளிலோ திரையிலோ அது உருப்பெறும்போது. எங்கும் விண்ணப்பிக்க வேண்டியதில்லை, கட்டணம் இல்லை, வட்டத்துக்குள் ‘சி’ எழுத்துப் போட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 1886இல் உருவான பெர்ன் உடன்படிக்கையின் அடிப்படை இது. இந்தியா 1928 முதல் அதில் இருக்கிறது. அதனால் மதுரையில் எடுத்த படத்துக்கு பாரிஸிலும் பாதுகாப்பு உண்டு. பாரிஸில் எடுத்த படத்துக்கு மதுரையிலும் உண்டு. இந்த இரண்டாவது பாதியை நம்மில் பலர் வசதியாக மறந்துவிடுகிறோம்.

இந்தியாவின் பதிப்புரிமைச் சட்டம் 1957ஆம் ஆண்டைச் சேர்ந்தது. புகைப்படத்தை அது ஓவியம், சிற்பம் ஆகியவற்றோடு சேர்த்துக் கலைப்படைப்பு என்றே கொள்கிறது. படைத்தவரின் வாழ்நாள் முழுவதும், அவர் இறந்த பிறகு 60 ஆண்டுகளும் உரிமை நீடிக்கும். முன்பு புகைப்படத்துக்கு மட்டும் கணக்கு வேறு: வெளியான நாளிலிருந்து 60 ஆண்டுகள். 2012இல் வந்த திருத்தம் அந்த வேறுபாட்டை நீக்கியது. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி வாழ்நாளும் அதன்பின் 70 ஆண்டுகளும்.

ராஜா ரவி வர்மா 1906இல் இறந்தார். அவருடைய ஓவியங்கள் எப்போதோ பொதுவுடைமை ஆகிவிட்டன. பத்திரிகை ஓவியர் கோபுலு 2015இல் மறைந்தார். இந்தியச் சட்டப்படி அவருடைய கோட்டோவியங்களுக்கு 2075ஆம் ஆண்டு முடியும்வரை பதிப்புரிமை உண்டு. ‘பழைய பத்திரிகையில் வந்ததுதானே’ என்று பெயரை வெட்டிவிட்டு வாட்ஸ்அப்பில் சுற்றவிடும் பல படங்கள் இந்தக் கணக்குக்குள்தான் வருகின்றன.

சட்டம் காப்பது கருத்தை அன்று, அது வெளிப்பட்ட விதத்தை. தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தை நீங்கள் நின்ற அதே இடத்தில் நின்று இன்னொருவரும் எடுக்கலாம். அவர் படம் அவருக்கு. உங்கள் படத்தை எடுத்துக்கொள்வதுதான் தவறு. ‘முப்பது சதவீதம் மாற்றிவிட்டால் பிரச்சினை இல்லை’ என்று ஒரு நம்பிக்கை ஓவியர்கள் நடுவில் உலவுகிறது. அப்படி ஒரு சதவீதம் எந்தச் சட்டத்திலும் இல்லை. அமெரிக்கப் புகைப்படக்காரர் ஆர்ட் ரோஜர்ஸ், ஒரு தம்பதியர் நாய்க்குட்டிகளை வரிசையாக மடியில் வைத்திருக்கும் படத்தை எடுத்திருந்தார். அது வாழ்த்து அட்டையாகவும் வந்தது. புகழ்பெற்ற சிற்பி ஜெஃப் கூன்ஸ் அந்த அட்டையைப் பார்த்து மரச்சிற்பம் செய்வித்தார். நிறம் மாறியது, பொருள் மாறியது, இருபரிமாணம் முப்பரிமாணம் ஆனது. ஆனாலும் 1992இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரோஜர்ஸ் பக்கமே தீர்ப்பளித்தது. யாரோ எடுத்த நடிகர் படத்தைப் பார்த்துப் பென்சிலில் வரைந்து விற்பவர்கள் இந்த வழக்கை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

கல்யாண ஆல்பத்தின் உரிமையாளர் யார்?

இந்தியச் சட்டத்தில் புகைப்படக்காரர்கள் பெரும்பாலும் அறியாத இடம் 17ஆம் பிரிவு. படத்தை எடுத்தவர்தான் அதன் ஆசிரியர். அவரே முதல் உரிமையாளர் என்பது பொது விதி. ஆனால், ஒருவர் கேட்டுக்கொண்டதன்பேரில் பணம் வாங்கிக்கொண்டு எடுத்த புகைப்படம் என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளர். கூலிக்கு வரைந்த ஓவியத்துக்கும் உருவப்படத்துக்கும் இதே விதிதான்.

நடைமுறையில் இதைப் பொருத்திப் பாருங்கள். முகூர்த்தம் முதல் வரவேற்பு வரை நின்று எடுத்த கல்யாணப் படங்களின் பதிப்புரிமை, எழுத்தில் எதுவும் இல்லையென்றால், கல்யாண வீட்டாருடையது. அவற்றை உங்கள் ஸ்டூடியோவின் விளம்பரப் பலகையிலோ இன்ஸ்டாகிராம் பக்கத்திலோ போடுவதற்கே அவர்களுடைய அனுமதி வேண்டும். ‘நான் எடுத்த படம், நான் போடக் கூடாதா?’ என்று பொங்குவதில் நியாயம் இருக்கலாம், சட்டம் இல்லை. முன்பணம் வாங்கும்போதே ஒரு பக்க ஒப்பந்தம் எழுதிக்கொண்டால் எல்லாம் தலைகீழாகும். ‘பதிப்புரிமை புகைப்படக்காரருக்கு, வாடிக்கையாளர் குடும்பப் பயன்பாட்டுக்கு எத்தனை பிரதி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், ஸ்டூடியோ தன் வேலையைக் காட்ட இன்னின்ன படங்களைப் பயன்படுத்தலாம்’ என்று மூன்று வரி போதும். தேதி, தொகை, எத்தனை ஆல்பம் என்பதையெல்லாம் பில் புத்தகத்தில் எழுதுகிறோம். இந்த மூன்று வரியை அதே தாளின் கீழே அச்சிட்டுவிட்டு இருவரும் கையெழுத்துப் போடுவதில் என்ன சிரமம்?

சம்பளத்துக்கு வேலை செய்பவர் வேலையின் பகுதியாக எடுத்த படம் முதலாளிக்கு. பத்திரிகை ஊழியருக்கு மட்டும் சட்டம் ஒரு சலுகை வைத்திருக்கிறது. பத்திரிகை ஊழியர் பத்திரிகைக்காக எடுத்த படத்தை இதழில் வெளியிடும் உரிமை நிர்வாகத்துக்கு. மற்ற உரிமைகள் எல்லாம், வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், எடுத்தவருக்கு. பணி நியமனக் கடிதத்தில் ஒரு வரியைச் சேர்த்து இந்தச் சலுகையை நிறுவனங்கள் வாங்கிக்கொள்ளலாம் என்பதால், கையெழுத்துப் போடுவதற்கு முன் படிக்க வேண்டிய இடம் அது.

உரிமையை விற்பதும் பயன்படுத்த உரிமம் தருவதும் வேறு வேறு. உரிமையை மொத்தமாக மாற்றிக் கொடுப்பதானால் அது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும் என்கிறது 19ஆம் பிரிவு. எத்தனை ஆண்டுக்கு என்று எழுதவில்லையென்றால் ஐந்து ஆண்டு. எந்த நிலப்பரப்புக்கு என்று எழுதவில்லையென்றால் இந்தியாவுக்கு மட்டும். ‘முழு உரிமையும் எங்களுக்கு’ என்று பதிப்பகமோ விளம்பர நிறுவனமோ நீட்டும் தாளில் இந்த இரண்டையும் தேடிப் பாருங்கள்.

உரிமையை விற்றுவிட்டாலும் உங்களிடம் மிஞ்சுவது ஒன்று உண்டு. அது 57ஆம் பிரிவு தரும் தார்மீக உரிமை: படைப்பு தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளவும், அதைச் சிதைத்துத் தன் பெயருக்குக் களங்கம் உண்டாக்குவதைத் தடுக்கவும் படைத்தவருக்கு உள்ள உரிமை. டெல்லி விஞ்ஞான் பவனில் சிற்பி அமர்நாத் சேகல் அமைத்த பிரம்மாண்டமான வெண்கலச் சுவர்ச்சிற்பத்தை 1979இல் அரசு பெயர்த்தெடுத்துக் கிடங்கில் போட்டது. சிற்பம் அரசின் உடைமை. ஆனாலும் அவர் வழக்குத் தொடுத்தார். 2005இல் டெல்லி உயர் நீதிமன்றம் மிஞ்சிய பாகங்களை அவரிடமே திருப்பிக் கொடுக்கவும், 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் உத்தரவிட்டது.

பொதுவில் போட்டால் பொதுச்சொத்தா?

ஜெர்மனியில் ஒரு பள்ளி மாணவி ஸ்பானிய மொழிப் பாடத்துக்கான கட்டுரையில், ஒரு பயணத் தளத்திலிருந்து கோர்டோபா நகரத்தின் படத்தை எடுத்து ஒட்டியிருந்தார். எந்தத் தளம் என்றும் குறிப்பிட்டிருந்தார். பள்ளி அந்தக் கட்டுரையைத் தன் வலைத்தளத்தில் ஏற்றியது. அந்தப் பயணத் தளத்துக்கு மட்டும் அனுமதி கொடுத்திருந்த புகைப்படக்காரர் வழக்குத் தொடுத்தார். ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2018 ஆகஸ்டில் சொன்னது: ஒரு தளத்தில் எல்லோரும் பார்க்கும்படி இருக்கும் படத்தை எடுத்து இன்னொரு தளத்தில் ஏற்றுவதற்குப் புதிதாக அனுமதி வேண்டும். சுட்டி கொடுப்பது வேறு, நகலை ஏற்றுவது வேறு. நன்றி சொல்வது நல்ல பழக்கம்; ஆனால் அனுமதி வாங்கிய கணக்கில் அது சேராது.

சமூக ஊடகத்தில் நாமே ஏற்றிய படத்தின் கதை கொஞ்சம் சிக்கலானது. இன்ஸ்டாகிராம் போன்றவற்றின் விதிமுறைகள் படத்தின் உரிமை உங்களுடையதே என்கின்றன. கூடவே, கட்டணம் இல்லாமல் உலகெங்கும் அதைக் காட்டவும், அந்த அனுமதியைப் பிறருக்கு மாற்றிக் கொடுக்கவும் நிறுவனத்துக்கு உரிமம் வாங்கிக்கொள்கின்றன. இந்த உரிமம் நிறுவனத்துக்குத் தரப்பட்டது. படத்தைப் பார்க்கிற எல்லோருக்கும் தரப்பட்டதாக அர்த்தமில்லை.

இந்த வேறுபாட்டைப் பெரும் விலை கொடுத்துக் கற்றது ஒரு செய்தி நிறுவனம். 2010 ஜனவரி 12 அன்று ஹைட்டியைப் பூகம்பம் குலைத்தபோது, அந்நாட்டில் பிறந்த புகைப்படச் செய்தியாளர் டேனியல் மொரெல் தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸில் இருந்தார். எடுத்த படங்களை ட்விட்டர் வழியாக வெளியிட்டார். வேறொருவர் அவற்றை நகலெடுத்துத் தன் பெயரில் போட்டார். ஏஎஃப்பி செய்தி நிறுவனம் அந்தப் பெயரிலேயே எடுத்து, படங்களை விற்கும் கெட்டி இமேஜஸ் நிறுவனம் வழியாக உலகப் பத்திரிகைகளுக்கு அனுப்பியது. மொரெல் எதிர்ப்புத் தெரிவித்ததும் முதலில் நீதிமன்றம் போனது ஏஎஃப்பிதான் என்பது இந்தக் கதையின் வேடிக்கையான பகுதி. ட்விட்டரில் போட்டதை யாரும் பயன்படுத்தலாம் என்பது அவர்கள் வாதம். நீதிபதி அதை ஏற்கவில்லை. 2013 நவம்பரில் நியூயார்க் ஜூரி, 8 படங்களுக்காக 12 லட்சம் டாலருக்கு மேல் இழப்பீடு கொடுக்கச் சொன்னது.

அமெரிக்காவில் தொகை இப்படி உயர்வதற்குக் காரணம், அங்கே உரிய காலத்தில் பதிவு செய்த படைப்புக்குச் சட்டமே இழப்பீட்டு அளவை வகுத்திருக்கிறது: பொதுவாக ஒரு படைப்புக்கு 750 முதல் 30,000 டாலர், வேண்டுமென்றே மீறியிருந்தால் 1,50,000 டாலர் வரை. இந்தியச் சட்டத்தில் அப்படி ஓர் அட்டவணை கிடையாது. இழப்பை நாம்தான் நிறுவ வேண்டும்.

பொதுவில் தாராளமாகத் தர விரும்புகிறவர்களுக்கு, 2002 முதல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் உண்டு. பெயரைக் குறிப்பிட்டால் போதும், வணிகத்துக்குக் கூடாது, மாற்றக் கூடாது, மாற்றினால் இதே உரிமத்தில் வெளியிட வேண்டும் என நான்கு நிபந்தனைகளைக் கலந்து தேர்ந்துகொள்ளலாம். விக்கிப்பீடியாவின் படக் களஞ்சியமான விக்கிமீடியா காமன்ஸில் படம் சேர்க்கும் தமிழர்கள் இதை நன்கு அறிவார்கள். ஒன்று கவனம்: கொடுத்த உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது. விற்க நினைக்கும் படத்தை அங்கே ஏற்றும் முன் ஒரு நாள் ஆறப்போடுங்கள்.

ஏற்றுவதற்கு முன்

மூலக் கோப்பைக் காட்டிலும் நல்ல சாட்சி கிடையாது. கேமரா பதிவு செய்தபடியே இருக்கும் ரா கோப்பு, ஓவியர் என்றால் அடுக்குகள் கலையாத கோப்போ பென்சில் கோட்டுப்படமோ, இவை நகலெடுத்தவரிடம் இருக்க வாய்ப்பில்லை. ஆகவே ரா கோப்பை யாருக்கும் தராதீர்கள். அதே வரிசையில் முன்னும் பின்னும் எடுத்த, வெளியிடாத படங்களையும் அழிக்க வேண்டாம். ‘இதற்கு அடுத்த நொடியில் எடுத்த படம் இதோ’ என்று காட்டினால் எதிராளியிடம் பதில் இருக்காது.

படத்துக்குள்ளேயே பெயர், தொடர்பு மின்னஞ்சல், உரிமை வாசகம் எழுதி வைக்கலாம். ஐபிடிசி என்ற பொதுத் தரத்தில் இதற்கெனக் கட்டங்கள் இருக்கின்றன. லைட்ரூம் போன்ற மென்பொருளில் ஒருமுறை நிரப்பினால் எல்லாப் படங்களிலும் தானே ஏறும். 2020 முதல் கூகுள் படத்தேடல், உரிமம் பற்றிய விவரம் உள்ள படங்களுக்கு ஓர் அடையாளமும் காட்டுகிறது. குறை என்னவென்றால், வாட்ஸ்அப்பும் பல சமூக ஊடகங்களும் படத்தைச் சுருக்கும்போது இந்த விவரங்களையும் கழற்றிவிடுகின்றன. வாட்ஸ்அப்பில் ஆவணமாக அனுப்பினால் கோப்பு உள்ளபடியே போகும். இந்த உரிமைத் தகவலைத் தெரிந்தே நீக்குவது, 2012 திருத்தத்தில் சேர்ந்த 65பி பிரிவின்படி இரண்டு ஆண்டு வரை சிறைக்கு உரிய குற்றம்.

அளவைக் குறைத்து ஏற்றுங்கள். பலர் ‘72 டிபிஐ’ (ஓர் அங்குலத்துக்கு 72 புள்ளி) ஆக்கிவிட்டதாகச் சொல்லி நிம்மதி அடைகிறார்கள். திரைக்கு அந்த எண்ணால் எந்த மாற்றமும் இல்லை. பார்க்க வேண்டியது பிக்சல் எண்ணிக்கை. 6000 பிக்சல் நீளமுள்ள படத்தை 300 டிபிஐ தரத்தில் 20 அங்குலத்துக்கு அச்சிடலாம். 1200 பிக்சலுக்குக் குறைத்தால் 4 அங்குலத்தோடு சரி. கைபேசியில் பார்க்க இது தாராளம், காலண்டர் அச்சிடப் போதாது.

வாட்டர்மார்க் பற்றி எனக்குப் பெரிய மதிப்பு இல்லை. ஓரத்தில் போட்டால் வெட்டிவிடுவார்கள். நடுவில் போட்டால் படத்தை நாமே கெடுத்ததாகிறது. இப்போது செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் ஒரு நொடியில் அழித்துத் தருகின்றன. அளவாக, முக்கியமான பகுதிக்கு அருகே ஒரு சிறிய பெயர், ‘யாருடையது என்று தெரியாது’ என்ற சாக்கை மூடும் அளவுக்கு இருந்தால் போதும்.

பதிவு கட்டாயமில்லை என்றேன். ஆனால் வருமானம் தரும் சில படங்களுக்குச் செய்துவைக்கலாம். இந்தியப் பதிப்புரிமை அலுவலகத்தில் கலைப்படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய். பொருள்களில் பயன்படும் வடிவம் என்றால் 2,000. பதிவேட்டில் இருப்பதை நீதிமன்றம் முதல்நோக்குச் சான்றாக ஏற்கும். மறுப்பவர்தான் நிறுவ வேண்டும்.

செயற்கை நுண்ணறிவுக்கு நம் படங்களைத் தீனியாகப் போடுவது சட்டப்படி சரியா என்ற கேள்வி பல நாடுகளின் நீதிமன்றங்களில் இருக்கிறது. ஓவியர்கள் தம் பாணியைக் காத்துக்கொள்ள சிகாகோ பல்கலைக்கழகத்தின் கிளேஸ், நைட்ஷேட் என்ற இரண்டு இலவசக் கருவிகளை முயன்று பார்க்கலாம். படத்தில் கண்ணுக்கு எளிதில் தெரியாத மாற்றங்களைச் செய்து இயந்திரத்தைக் குழப்புபவை அவை. நிரந்தரக் கவசம் என்று அவற்றை நம்ப வேண்டாம்.

படம் போய்விட்டது, இனி?

முதலில் எதுவும் எழுதாதீர்கள். கோபத்தில் பின்னூட்டம் போட்டால் படத்தை நீக்கிவிடுவார்கள், அதோடு ஆதாரமும் போய்விடும். முகவரியும் தேதியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அந்தப் பக்கத்தை, இணையப் பக்கங்களின் நகலைத் தேதியோடு காத்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்திலும் சேமியுங்கள். நீதிமன்றம் வரை போவதானால், மின்னணு ஆவணத்துக்கு 2023ஆம் ஆண்டின் பாரதிய சாட்சியச் சட்டம் 63ஆம் பிரிவின்படி சான்றிதழ் வேண்டும், வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார். பிறகு கூகுள் லென்ஸ், டின்ஐ என்ற படத்தேடல் கருவிகள் இரண்டிலும் தேடுங்கள். ஒரு இடத்தில் இருந்தால் பெரும்பாலும் நான்கு இடத்தில் இருக்கும்.

அடுத்து, நமக்கு என்ன வேண்டும் என்று முடிவு செய்ய வேண்டும். பெயரா, நீக்கமா, பணமா? பள்ளி மாணவரின் பக்கத்துக்கும் நகைக்கடை விளம்பரத்துக்கும் ஒரே கடிதம் பொருந்தாது. விமர்சனம், ஆய்வு, நடப்புச் செய்தி போன்றவற்றுக்காக நியாயமான அளவில் பயன்படுத்தப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இடம் தருகிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆதாரமில்லாமல் மிரட்டினால், மிரட்டப்பட்டவர் உங்கள் மீதே வழக்குப் போட 60ஆம் பிரிவு வழி தருகிறது.

மரியாதையான ஒரு மின்னஞ்சல் நம்புவதைவிட அதிகம் சாதிக்கும். பலன் இல்லையென்றால் தளத்தின் பதிப்புரிமைப் புகார்ப் படிவம். அமெரிக்க நிறுவனங்கள் 1998ஆம் ஆண்டின் டிஎம்சிஏ என்ற அமெரிக்க டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டப்படி இதை வைத்திருக்கின்றன. எங்கிருந்தும் புகார் அளிக்கலாம். உங்கள் பெயரும் மின்னஞ்சலும் எதிராளிக்குப் போகக்கூடும் என்பதால், தொழிலுக்கென்று தனி மின்னஞ்சல் கொடுங்கள். இந்திய விதிகளின்படி, எழுத்துப் புகார் கிடைத்த 36 மணி நேரத்துக்குள், பிறர் ஏற்றியதைச் சேமித்து வைத்திருக்கும் தளம் அதற்கான அணுகலை நிறுத்த வேண்டும். 21 நாளுக்குள் நீதிமன்ற உத்தரவு வராவிட்டால் அது மீண்டும் திறந்துவிடலாம். அந்த மூன்று வாரத்தை வீணாக்கிவிட்டு ‘மறுபடி வந்துவிட்டதே’ என்று திகைப்பவர்கள் உண்டு.

பணம் கேட்பதானால், உங்கள் வழக்கமான கட்டணத்தைக் காட்டுங்கள். பழைய பில், விலைப்பட்டியல் இருந்தால் கேட்கும் தொகைக்கு அடிப்படை கிடைக்கும். தெரிந்தே செய்த மீறல் 63ஆம் பிரிவின்படி ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறைக்கு உரிய குற்றம். அதில் காவல்துறை நேரடியாக வழக்குப் பதியலாம் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. உரிமையியல் வழக்குக்கு, படத்தைத் திருடியவர் ஊர் டெல்லியோ கொல்கத்தாவோ என்று அலைய வேண்டியதில்லை. 62ஆம் பிரிவின்படி நீங்கள் வசிக்கும் ஊரின் மாவட்ட நீதிமன்றத்திலேயே தொடுக்கலாம். இழப்பீட்டுக்குக் காலவரம்பு, மீறல் நடந்த நாளிலிருந்து மூன்று ஆண்டு. ஸ்கிரீன்ஷாட்டில் தேதி தெரிய வேண்டும் என்று சொன்னது இதற்கும் சேர்த்துத்தான்.